குட்டி டிரோசெரா: ஜெம்மாவிலிருந்து வளர்க்க முழுமையான வழிகாட்டி

பிளஸ் ஒன் தாவரவியலில் மார்கான்ஷியா என்ற பூக்காத சிறு செடியைப் படித்தவர்களுக்கு ஜெம்மா நினைவிருக்கும். கிண்ணம் போன்ற அமைப்புக்குள் பச்சைத் துணுக்குகள் இருக்கும், மழைத்துளி விழுந்ததும் தெறித்துப் போய் வேறு இடத்தில் முளைக்கும். மார்கான்ஷியாவோடு எந்த நெருங்கிய உறவும் இல்லாத ஒரு பூக்கும் செடியும் இதே வேலையைச் செய்கிறது. அது பூச்சி தின்னும் டிரோசெராக்களில் ஒரு குள்ளக் கூட்டம். பெரும்பாலானவை தரையோடு ஒட்டி ஒன்று முதல் மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்கு மேல் வளராது. இலை நுனிகளில் பசைத்துளி மின்னும், சிறு பூச்சி ஒட்டிக்கொண்டால் செரித்துவிடும். இவற்றை விதை போட்டு வளர்ப்பவர்கள் மிகக் குறைவு. கிட்டத்தட்ட எல்லோரும் ஜெம்மாவில்தான் தொடங்குகிறார்கள்.

இந்த வழிகாட்டியில் மற்றதெல்லாம் மறந்தாலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: தொட்டி முதலில், ஜெம்மா அப்புறம். விதையைப் போல ஜெம்மா அலமாரியில் காத்திருக்காது. அது உயிரோடு இருக்கும் ஒரு பச்சைத் துணுக்கு. கைக்கு வந்த அன்றே போய் உட்கார ஈரமான மண் தயாராக இருக்க வேண்டும். உட்கார்ந்த இடத்தை விட்டு மாற்றுவதும் அதற்குப் பிடிக்காது.

எங்கே வளர்கிறது, ஏன் அப்படி

சுமார் ஐம்பது இனங்கள் இருக்கின்றன. ஏறக்குறைய எல்லாமே மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையைச் சேர்ந்தவை. டிரோசெரா பிக்மேயா மட்டும் கிழக்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா, நியூசிலாந்து வரை பரவியிருக்கிறது. இன்னொரு விதிவிலக்கு விசித்திரமானது. வெனிசுவேலாவின் நெப்லினா மலை உச்சியில் வளரும் டிரோசெரா மெரிஸ்டோகாலிஸ் இந்த ஆஸ்திரேலியக் கூட்டத்தின் உறவு என்று 2012-இல் வந்த மரபணு ஆய்வு காட்டியது. நடுவில் ஒரு பெருங்கடல் கிடக்கிறது!

பெர்த் நகரைச் சுற்றிய பகுதியில் மே முதல் செப்டம்பர் வரைதான் மழை. குளிர்காலம் ஈரம், கோடை வறட்சி. பிப்ரவரியில் சராசரிப் பகல் வெப்பம் 31 டிகிரியைத் தாண்டும். மண் வெள்ளைக் குவார்ட்ஸ் மணல் அல்லது செம்பாறைச் சரளை. அதில் சத்து என்று சொல்ல எதுவுமில்லை. கோடையில் மேல்மண் காய்ந்து சுடும், அடியில் மட்டும் கொஞ்சம் ஈரம் தங்கும். அந்த ஈரத்தை எட்டத்தான் இவ்வளவு சிறிய செடி நூல் போன்ற நீண்ட வேரை இறக்குகிறது. நடுக்குருத்தை மூடியிருக்கும் வெள்ளி நிறச் செதில்கள் வெயிலைத் திருப்பியனுப்பும். கோடையில் பல இனங்கள் அந்தச் செதில் மொட்டாகவே சுருங்கி உறங்கிவிடும்.

இலையுதிர் காலத்தில் பகல் குறைந்து இரவு குளிர ஆரம்பித்ததும் நடுவில் சாதாரண இலைக்குப் பதிலாக ஜெம்மாக்கள் வரத் தொடங்கும். இவை உருமாறிய இலைகள், பசைமுடி இருக்காது. ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு அழுத்தத்தோடு நிற்கும். ஒரு மழைத்துளி சரியாக நடுவில் விழுந்தால் போதும், பல சென்டிமீட்டர் தூரம் எகிறிவிடும். மழைக்காலத்தின் தொடக்கத்திலேயே மண்ணில் இறங்கிவிடுவதால் அடுத்த கோடைக்குள் வேரை ஆழமாக விட நேரம் கிடைக்கிறது. வளர்ப்பவர் செய்ய வேண்டியது இந்தக் காலண்டரைக் கெடுக்காமல் இருப்பது.

எந்த இனத்தில் தொடங்கலாம்

புதியவர்களுக்கு நான் சொல்வது டிரோசெரா பல்செல்லா, டிரோசெரா நிடிடுலா, அல்லது இவை சேர்ந்த கலப்பினங்கள். தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும், ஜெம்மாவும் தாராளமாகத் தரும். டிரோசெரா ஸ்கார்பியாய்டிஸ் கொஞ்சம் பெரியது, நிமிர்ந்து வளரும். அதன் ஜெம்மாவும் பெரிதாக இருப்பதால் கையாள எளிது. பிக்மேயா மிகச் சிறியது. நான்கே இதழ் உள்ள வெள்ளைப் பூவை வைத்து அடையாளம் காணலாம். கூட்டத்தில் மற்றவற்றுக்குப் பொதுவாக ஐந்து இதழ்.

காலிஸ்டோஸ், பார்பிஜெரா இரண்டின் ஆரஞ்சுப் பூக்களைப் படத்தில் பார்த்து ஆசைப்படாதவர் இல்லை. ஆனால் முதல் வருடம் அவற்றோடு ஆரம்பிக்க வேண்டாம். லாசியாந்தா அதைவிடப் பிடிவாதம். அனுபவசாலிகளிடமே அவ்வப்போது செத்துப்போகும்.

தொட்டியும் மண்ணும்

ஜெம்மா கிடைக்க ஒரு மாதம் இருக்கும்போதே இந்த வேலையைத் தொடங்குங்கள்.

பிளாஸ்டிக் தொட்டி போதும். மண்தொட்டி வேண்டாம், அதில் உப்பு படியும். அகலத்தைவிட ஆழம் முக்கியம். சிறிய இனங்களுக்குக் குறைந்தது 10 சென்டிமீட்டர், ஸ்கார்பியாய்டிஸ் போன்றவற்றுக்கு 15 இருந்தால் நல்லது. அடியில் துளை கட்டாயம்.

கலவை பாதி பீட் மாஸ் (சதுப்பு நிலத்தில் மட்கிய தாவரப் பொருள்), பாதி குவார்ட்ஸ் மணல். ஈரம் அதிகமான இடத்தில் வளர்ப்பவர்கள் மணலை இரண்டு பங்காக்கலாம். பீட் மாஸ் பாக்கெட்டில் உரம் சேர்த்தது என்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், இந்த வேருக்கு அது விஷம். நம் ஊர் நர்சரிகளில் பீட் மாஸ் கேட்டால் தேங்காய் நார்த் தூளான கோகோ பீட்டை எடுத்து நீட்டுவார்கள். இரண்டும் ஒன்றல்ல. கோகோ பீட்டில் உப்பு இருக்கும். பலமுறை ஊறவைத்துக் கழுவிப் பயன்படுத்துபவர்கள் உண்டு என்றாலும் ஜெம்மா போன்ற சின்ன உயிருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மணல் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. கடற்கரை மணல் கூடவே கூடாது. கட்டுமான மணலில் சுண்ணாம்பு, சிப்பித் தூள் இருக்கலாம். ஒரு ஸ்பூன் மணலில் வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் அது வேண்டாம். நீச்சல்குள வடிகட்டிக்கும் தண்ணீர் சுத்திகரிப்புக்கும் விற்கும் சிலிக்கா மணல்தான் நம்பகமானது. அதையும் தண்ணீர் தெளியும் வரை கழுவ வேண்டும்.

காய்ந்த பீட் தண்ணீரைத் தள்ளிவிட்டு மிதக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கையால் பிசைந்தால்தான் உறிஞ்சும். மணலோடு நன்றாகக் கலந்து, விளிம்பு வரை நிரப்பி, தொட்டியைத் தரையில் தட்டி அமர்த்துங்கள். மேலிருந்து தண்ணீர் ஊற்றி அடியில் வடியவிடுங்கள். கலவை கீழே இறங்கும், மறுபடி நிரப்புங்கள். விளிம்புக்குக் கீழே ஆழமாக மண் இருந்தால் நிழலும் பாசியும் சேரும். கடைசியாக மேலே இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு வெறும் சிலிக்கா மணல் தூவினால் பாசி பிடிப்பது வெகுவாகக் குறையும். என்னைக் கேட்டால் இந்த மெல்லிய மணல் அடுக்கை யாரும் விட்டுவிடக் கூடாது. இந்தச் செடிகளைக் கொல்வதில் பூஞ்சையைவிடப் பாசியும் மாஸ் என்ற மெத்தைபோல் படரும் சிறு செடியும்தான் முன்னணி.

தயாரான தொட்டியைத் தட்டில் வைத்து இரண்டு வாரம் ஈரத்தில் ஊறவிடுங்கள்.

தண்ணீர்

மழைத்தண்ணீர், காய்ச்சி வடித்த தண்ணீர், ஆர்ஓ தண்ணீர். இந்த மூன்றைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 50-க்குக் கீழே இருக்க வேண்டும். போர்வெல் தண்ணீர், கேன் தண்ணீர் எல்லாம் நமக்குத்தான் குடிநீர். வீட்டு ஆர்ஓ இயந்திரங்களில் ஒரு சிக்கல் உண்டு: சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கும் வடிகட்டி அல்லது டிடிஎஸ் கன்ட்ரோலர் பொருத்தியிருப்பார்கள். அதனால் ஆர்ஓ என்ற பெயரை நம்பாமல் மீட்டரில் அளந்து பாருங்கள். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

தண்ணீர் ஊற்றும் முறை எளிது. தட்டில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கட்டும், தொட்டி கீழிருந்து உறிஞ்சிக்கொள்ளும். வற்றியதும் மறுபடி ஊற்றினால் போதும்.

ஜெம்மாவைப் பெறுவதும் வைத்திருப்பதும்

ஆஸ்திரேலியாவில் ஜெம்மா வருவது ஏப்ரலிலிருந்து ஜூன் வரை. வட அரைக்கோளத்தில் வளர்க்கும் செடிகளில் அக்டோபர், நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை போகும். வளர்ப்பவர்கள் ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொள்வதும் விற்பதும் இந்த மாதங்களில்தான். ஜூலையில் யாராவது சென்னையிலிருந்து புது ஜெம்மா விற்கிறேன் என்று சொன்னால் இரண்டு முறை யோசியுங்கள்.

வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவுக்குள் தாவரப் பாகம் எதையும் கொண்டுவர 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை பொருந்தும். அனுமதியும் அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றும் வேண்டும். சின்ன உறைதானே என்று கடிதத்துக்குள் வைத்து அனுப்பச் சொல்லாதீர்கள். மேற்கு ஆஸ்திரேலியாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் காட்டில் பார்த்தாலும் கை வைக்கக் கூடாது. அங்கே உள்ளூர்த் தாவரங்கள் அனைத்துக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு.

ஜெம்மா பொதுவாக ஈர டிஷ்யூவிலோ, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்ட குட்டி ஜிப் கவரிலோ வரும். எள்ளைவிடச் சிறியதாக, பச்சையாக, பளபளப்பாக இருந்தால் நல்லது. பழுப்பாகிக் குழைந்திருந்தால் போனது போனதுதான். அன்றே தூவ முடியாவிட்டால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், உறையாத குளிரில், சில வாரம் தாங்கும். நாள் ஆக ஆக முளைப்பு குறையும். கவருக்குள்ளேயே சில முளைத்து வெள்ளை வேர் நீட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், மெதுவாக எடுத்து மண்ணில் வைத்தால் பிடித்துக்கொள்ளும்.

தூவும் நாள்

தொட்டியின் மேல்மண் ஈரமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் ஒரு பல்குச்சியின் நுனியைத் தண்ணீரில் தொட்டு, ஜெம்மாவைத் தொட்டால் ஒட்டிக்கொண்டு வரும். அதை மண்ணின் மேல் வைத்து லேசாகத் தட்டினால் இறங்கிவிடும். விரலால் கிள்ள வேண்டாம், நசுங்கிவிடும்.

புதைக்கக் கூடாது, மண் தூவி மூடவும் கூடாது. வெளிச்சம் படும்படி மேலேயே கிடக்க வேண்டும். எந்தப் பக்கம் மேலே என்று தலையைப் பிய்த்துக்கொள்ளத் தேவையில்லை, வேர் தானாகத் திரும்பிக்கொள்ளும். மணலோடு நன்றாக ஒட்டியிருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். குன்றின் மேல் அமர்ந்தது போல அந்தரத்தில் நின்றால் வேர் காய்ந்துவிடும். மெல்லிய ஸ்பிரேயர் பனியை ஒருமுறை அடித்தால் படிந்துவிடும். சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீர் வேண்டாம், தெறித்துப் பக்கத்துத் தொட்டிக்குப் போய்விடும்.

இடைவெளிதான் ஆரம்பத்தில் எல்லோரும் கஞ்சத்தனம் காட்டும் இடம். இவ்வளவு சின்னதற்கு எதற்கு இடம் என்று தோன்றும். மூன்று மாதத்தில் இலைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்போதுதான் புரியும். சிறிய இனங்களுக்கு ஒரு சென்டிமீட்டர், பெரியவற்றுக்கு இரண்டு விடுங்கள். பிறகு பிடுங்கி நட்டுச் சரிசெய்யலாம் என்ற எண்ணம் வேண்டாம். செடியைவிடப் பல மடங்கு நீளமான அந்த ஒற்றை நூல்வேர் அறுந்தால் பெரும்பாலும் செடியும் போய்விடும். கட்டாயம் மாற்ற வேண்டியிருந்தால் ஆழமாக மண்கட்டியோடு தோண்டி எடுப்பது ஒன்றே வழி.

ஒவ்வொரு தொட்டியிலும் இனப் பெயரும் தேதியும் எழுதிய குச்சியைச் செருகுங்கள். மழையில் ஜெம்மா தெறிக்கும் செடி இது. தொட்டிகள் அருகருகே இருந்தால் அடுத்த வருடம் எது எது என்று சொல்ல முடியாத கலவை ஆகிவிடும்.

முதல் மூன்று மாதம்

ஒன்றிரண்டு வாரத்தில் நுனி விரிந்து முதல் இலை தெரியும், அடியில் வேர் இறங்கும். முதல் இலையிலேயே பசைத்துளி வந்துவிடும். அதுவரை மேல்மண் ஒரு நாள்கூடக் காயக் கூடாது. காற்று வறண்ட இடமென்றால் தொட்டியின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி வைக்கலாம். இலை வந்ததும் சில நாளில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்குங்கள். மூடியே வைத்திருந்தால் சாம்பல் பூஞ்சை வரும்.

வெளிச்சம் எவ்வளவு கிடைத்தாலும் நல்லது. குளிர்கால நேரடி வெயில் பொருத்தமானது. வெளிச்சம் போதாவிட்டால் இலைக்காம்பு நீண்டு, பச்சையாக, பசையில்லாமல் கிடக்கும். போதுமான வெளிச்சத்தில் பல இனங்கள் சிவந்துவிடும். வீட்டுக்குள் எல்இடி விளக்கில் வளர்த்தால் இந்தக் கட்டத்தில் 12 முதல் 14 மணி நேரம் எரியவிடலாம். பகல் 15 முதல் 22 டிகிரி, இரவு அதைவிடக் குறைவு என்பது இவற்றுக்குப் பிடித்த குளிர்காலம். இரவில் 5 டிகிரிக்குப் போனாலும் கவலையில்லை.

உரம் மண்ணில் போடவே கூடாது. சாப்பாடு இலை வழியாகத்தான். மீன் தீவனத் துகளை மாவாகப் பொடித்து, ஈரப் பல்குச்சியால் ஒரு சிட்டிகையிலும் சிறு பங்கை இலை மேல் வைத்தால் முடிகள் மெதுவாக வளைந்து மூடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். அதிகம் வைத்தால் பூஞ்சை பிடித்து இலை அழுகும். வாசலில் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையும் இல்லை, சிறு ஈக்கள் தாமாக வரும். இந்த மாதங்களில் நன்றாகத் தின்ற செடி அடுத்த இலையுதிர் காலத்தில் கூடுதல் ஜெம்மா தரும்.

புதிய இலைகள் கோணலாக, சுருண்டு வந்தால் அசுவினிதான் பெரும்பாலும் காரணம். மருந்தைத் தேடும் முன் தொட்டி முழுவதையும் சுத்தமான தண்ணீரில் ஒரு நாள் மூழ்க வைத்துப் பாருங்கள். பசை கரைந்து போகும், சில நாளில் திரும்பிவிடும். மாஸ் தலைகாட்டினால் சின்னதாக இருக்கும்போதே இடுக்கியால் எடுத்துவிடுங்கள்.

மூன்று மாதத்தில் முழு அளவுக்கு வந்துவிடும், வசந்தத்தில் பூக்கும். பூ நல்ல வெயிலில் சில மணி நேரம் மட்டுமே விரியும். ஒரே செடியின் ஜெம்மாக்களிலிருந்து வந்தவை எல்லாம் ஒரே மரபணு கொண்டவை, பல இனங்கள் தன் மகரந்தத்தில் காய்க்காது. ஆகவே தொட்டி நிறையப் பூத்தும் விதை வரவில்லையே என்று வருந்த வேண்டாம்.

கோடை

காட்டில் உறங்குகிறது என்பதற்காகத் தொட்டியையும் முற்றிலும் காயவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். காட்டில் வேருக்குக் கீழே ஈரம் இருக்கிறது, 10 சென்டிமீட்டர் தொட்டிக்குள் எங்கே இருக்கும்? தட்டில் தண்ணீரைக் குறைத்து, மேல்மண் காய்ந்து அடி ஈரமாக இருக்கும்படி வைத்தாலே போதும். எளிய இனங்கள் பலவும் தட்டில் தண்ணீர் நின்றால் உறங்காமலே கோடையைக் கடந்துவிடும். வெள்ளைச் செதில் மொட்டாகச் சுருங்கியவற்றைச் செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். தொட்டியின் பக்கவாட்டில் நேரடி வெயில் பட்டு வேர் வேகாமல் பார்த்துக்கொண்டால் நல்லது. பெரிய வெளித்தொட்டிக்குள் இறக்கி வைப்பது ஒரு வழி.

இங்கே தமிழ்நாட்டுக்காரர்களிடம் நேராகப் பேசிவிடுகிறேன். பெர்த்தில் பகல் நீளம் ஜூனில் சுமார் 10 மணி, டிசம்பரில் சுமார் 14 மணி. சென்னையில் டிசம்பரில்கூட 11 மணி 20 நிமிடம், இரவும் 20 டிகிரிக்கு மேல். இந்தச் செடிக்கு குளிர்காலம் வந்துவிட்டது என்று யார் சொல்வது? ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியாவில் குளிர் இருக்கிறது, பகல் மட்டும்தான் போதிய அளவு குறையாது. சமவெளியில் வளர்க்க வேண்டுமென்றால் ஏசி அறை, எல்இடி விளக்கு, டைமர் என்று இறங்க வேண்டும். அந்தச் செலவு வேண்டாம் என்பவர்களுக்கு நம் நிலத்திலேயே வளரும் டிரோசெரா பர்மானி, டிரோசெரா இண்டிகா இரண்டும் இருக்கின்றன. இரண்டும் விதையிலிருந்து எளிதில் வரும், வெப்பத்தைத் தாங்கும். அவை ஜெம்மா தராது, அவ்வளவுதான்.

உங்கள் சொந்த ஜெம்மா

வாசலில் இயற்கை வெளிச்சத்தில் வளர்ப்பவர்கள் காத்திருந்தால் போதும். விளக்கில் வளர்ப்பவர்கள் இலையுதிர் காலத்தில் டைமரைப் படிப்படியாக 9 அல்லது 10 மணி நேரமாகக் குறைக்க வேண்டும். வருடம் முழுவதும் 14 மணி எரியவிட்டு ஏன் ஜெம்மா வரவில்லை என்று கேட்பவர்கள் ஏராளம். அறை விளக்கின் வெளிச்சம் இரவில் செடி மேல் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். குளிரும் சேர்ந்தால் சில வாரத்தில் நடுக்குருத்து பருத்து, செதில்களுக்கு இடையே ஜெம்மாக்கள் தலை நீட்டும்.

உடனே தொடாதீர்கள். எல்லாம் வெளியே தள்ளி, லேசாகத் தொட்டதும் எகிறும் நிலைதான் பக்குவம். அப்போது தொட்டியைச் சற்றுச் சாய்த்து, கீழே ஒரு வெள்ளைத் தட்டு வைத்து, ஈரப் பல்குச்சியால் நடுவில் வருடினால் கொட்டும். ஒரே செடி சில வாரம் தொடர்ந்து தரும், ஆகவே ஒரே நாளில் சுரண்டி எடுக்க வேண்டாம். எடுக்காமல் அப்படியே விட்டாலும் தவறு, நடுவில் நெருக்கியடித்து அங்கேயே முளைத்துத் தாய்ச்செடியை மூச்சுமுட்ட வைக்கும்.

தாய்ச்செடி சில வருடம் வாழும். இருந்தாலும் ஒரு மோசமான கோடையில் தொட்டி மொத்தமும் போய்விடலாம் என்பதால் ஒவ்வொரு பருவமும் ஒவ்வோர் இனத்திலும் ஒரு புதுத் தொட்டி போட்டு வையுங்கள். உங்களிடம் மிஞ்சியதை உள்நாட்டு நண்பருக்கு அனுப்புவதென்றால் டிஷ்யூவை நனைத்துப் பிழிந்து, அதில் இருபது முப்பதை வைத்து மடித்து, குட்டி ஜிப் கவரில் போட்டு, இனப் பெயர் எழுதி, நசுங்காத சிறு டப்பாவுக்குள் வைத்துத் திங்கட்கிழமை அனுப்புங்கள். வாரக் கடைசியில் கூரியர் கிடங்கின் வெக்கையில் கிடந்தால் போய்ச் சேருவது குழைந்த டிஷ்யூதான். அனுப்பும் முன் அவரிடம் தொட்டி தயாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.